இரண்டு பகடை, 36 வழிகள்: கிராப்ஸ் மேசையின் அடிப்படைப் பந்தயங்கள்

கிராப்ஸ் என்பது இரண்டு பகடைகளை உருட்டி, மேலே தெரியும் புள்ளிகளின் கூட்டுத்தொகை மீது பணம் கட்டும் கேசினோ ஆட்டம். ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடுவதில்லை. மேசையைச் சுற்றி எத்தனை பேர் நின்றாலும் எல்லோரும் கேசினோ விடுதியை எதிர்த்தே கட்டுகிறார்கள். பகடையை வீசுபவர் ஒருவர். அந்த ஒரே வீச்சில் மற்ற எல்லோருடைய பணமும் போகும் அல்லது வரும். உயர்ந்த விளிம்புச் சுவர் கொண்ட நீள மேசையில் விரித்த துணி முழுக்கக் கட்டங்களும் எண்களும் அச்சிட்டிருக்கும். முதல் தடவை பார்ப்பவருக்கு அது பெரிய குழப்பமாகத் தெரியும். உண்மையில் அத்தனை கட்டங்களும் ஒரே ஒரு சின்னக் கணக்கிலிருந்து வந்தவை. அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் எந்தக் கட்டத்தில் பணம் மெதுவாகக் கரைகிறது, எந்தக் கட்டத்தில் வேகமாகக் கரைகிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

புதுச்சேரி நகரத்தில் கேசினோ கிடையாது. 1965-ம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் அங்கே நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் கேசினோ என்ற சொல் அந்த ஊருக்குப் புதிதில்லை. 2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட கார்டீலியா சுற்றுலாக் கப்பல் விசாகப்பட்டினம் போய்விட்டுப் புதுச்சேரிக் கடலோரம் வந்தது. கப்பலுக்குள் சூதாட்ட அரங்கு இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பியதில், பயணிகளை இறக்க அனுமதி கிடைக்காமலே திரும்பியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலையில் மறுபடி வந்தபோது கப்பல் கடலிலேயே நங்கூரமிட, பயணிகள் சிறிய படகுகளில் கரைக்கு வந்து ஊரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எதிர்ப்பு அப்போதும் இருந்தது. இப்படிப்பட்ட விவாதங்களில் பண்பாடும் சுற்றுலா வருவாயும்தான் முன்னுக்கு வரும். மேசை மேல் பணம் எப்படி நகர்கிறது என்பது பின்னுக்குப் போய்விடும். ஆனால் கப்பலை வரவேற்பவருக்கும் எதிர்ப்பவருக்கும், உள்ளே போய் ஆட நினைப்பவருக்கும் முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

பகடைக் கணக்கில் தமிழ்நாட்டு, புதுச்சேரி வீடுகளுக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு. தாயம் ஆடும் பித்தளைக் கட்டைகள் இரண்டிலும் 1, 2, 3 என்று மூன்று பக்கங்களில் புள்ளியும், ஒரு பக்கம் வெறுமையும் இருக்கும். இரண்டையும் உருட்டினால் 16 வழிகளில் விழலாம். அவற்றில் 3 மட்டும் நான்கு வழிகளில் வரும். தாயம், அதாவது 1, இரண்டே வழிகளில் வரும். இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கும், இரண்டிலும் 3 விழும் ஆறுக்கும் ஒவ்வொரு வழிதான். தாயம் போட முடியாமல் காயை வெளியே எடுக்கத் தவித்தவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கை அனுபவித்தவர்களே. நடுவில் இருக்கும் எண் அடிக்கடி வரும், ஓரத்தில் இருக்கும் எண் அபூர்வமாக வரும். கிராப்ஸ் ஆட்டமும் இதே அடிப்படையில்தான் நிற்கிறது.

கிராப்ஸ் பகடைக்கு ஆறு முகம். இரண்டு பகடை என்றால் ஆறு ஆறாக 36 வழிகள். கூட்டுத்தொகை 2 வர ஒரே வழி, இரண்டிலும் ஒன்று விழ வேண்டும். 3 வர இரண்டு வழிகள், 4-க்கு மூன்று, 5-க்கு நான்கு, 6-க்கு ஐந்து. 7-க்கு ஆறு வழிகள். அங்கிருந்து இறங்குமுகம்: 8-க்கு ஐந்து, 9-க்கு நான்கு, 10-க்கு மூன்று, 11-க்கு இரண்டு, 12-க்கு ஒன்று. ஏழுதான் அதிகம் வரும் எண். சராசரியாக ஆறு வீச்சுக்கு ஒருமுறை. ஆட்டத்தின் எல்லா விதிகளும் இந்த ஏழைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கின்றன. ஒரே ஏழு ஒரு சமயம் ஆட்டக்காரருக்குப் பணம் கொடுக்கும், இன்னொரு சமயம் மேசையிலிருப்பதைத் துடைத்துக்கொண்டு போகும்.

ஆட்டம் வந்த வழியையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் ஆடப்பட்ட ஹாசர்ட் என்ற பழைய பகடை ஆட்டம்தான் இதன் மூலம். அதை 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்சில் பரப்பியவராக பெர்னார்ட் டி மரின்யி என்ற பிரெஞ்சு வம்சாவளிச் செல்வந்தரின் பெயர் சொல்லப்படுகிறது. தன் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றபோது அங்கே ஒரு தெருவுக்கே கிராப்ஸ் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் பிறகு மாற்றப்பட்டது. பிரெஞ்சுக்காரர்கள் தெருப்பெயர்களை விட்டுச் சென்ற துறைமுக ஊர் என்ற வகையில் நியூ ஆர்லியன்ஸ் புதுச்சேரிக்காரருக்கு அந்நியமாகத் தோன்றாது. இன்றைய கேசினோ மேசைக்கு வடிவம் கொடுத்தவர் ஜான் வின் என்ற அமெரிக்கப் பகடைத் தயாரிப்பாளர். வீசுபவர் ஜெயிப்பார் என்று கட்டுவதோடு, தோற்பார் என்றும் கட்டலாம் என்ற ஏற்பாட்டை அவர் 20-ம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கொண்டுவந்தார். ஒரே பக்கம் மட்டும் கட்ட முடிந்தபோது, கள்ளப்பகடை கொண்டு விடுதியை ஏமாற்றுவதோ ஆட்டக்காரரை ஏமாற்றுவதோ சுலபமாக இருந்தது. இரண்டு பக்கமும் கட்டலாம் என்றதும் அந்த வழி பெருமளவு அடைபட்டது.

இனி மேசைக்கு வரலாம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பாஸ் லைன் பந்தயம். மேசை ஓரமாக நீளமாக ஓடும் பட்டையில், பணத்துக்குப் பதிலாகப் பயன்படும் சில்லை வைக்க வேண்டும். ஒரு சுற்றின் முதல் வீச்சுக்கு கம்-அவுட் என்று பெயர். அந்த வீச்சில் 7 அல்லது 11 வந்தால் உடனே வெற்றி. கட்டிய அளவுக்குப் பணம் கிடைக்கும். 2, 3, 12 வந்தால் உடனே தோல்வி. மீதமுள்ள 4, 5, 6, 8, 9, 10 ஆகிய ஆறு எண்களில் எது வந்தாலும் அது அந்தச் சுற்றின் பாயின்ட் ஆகிவிடும். ஊழியர் ஒரு வட்டத் தட்டைப் புரட்டி வெள்ளைப் பக்கம் மேலே தெரியும்படி அந்த எண் மீது வைப்பார். அதன் பிறகு விதி தலைகீழாகிறது. பாயின்ட் எண் மறுபடி வந்தால் வெற்றி. அதற்கு முன் 7 வந்தால் தோல்வி. வேறு எந்த எண் வந்தாலும் பாஸ் லைன் பணம் அப்படியே நிற்கும், வீச்சு தொடரும்.

ஒரு எடுத்துக்காட்டு. பாஸ் லைனில் 100 ரூபாய். முதல் வீச்சில் 9. இப்போது பாயின்ட் 9. அடுத்து 5, அடுத்து 11, அடுத்து 3. இவற்றால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. முதல் வீச்சில் வெற்றி தந்திருக்கக்கூடிய அதே 11 இப்போது வெறும் எண். அடுத்து 9 வந்தால் 100 ரூபாய் லாபம், 7 வந்தால் 100 ரூபாய் போய்விடும். 7 விழுந்ததும் பகடை அடுத்தவர் கைக்குப் போகும். புதிய சுற்று தொடங்கும்.

இந்தப் பந்தயத்தின் நியாயத்தை அளக்க 495 சுற்றுகளை எடுத்துக்கொள்வது வசதி. சராசரி எல்லாம் முழு எண்ணாக வந்துவிடும். 495 சுற்றுகளில் 110 முதல் வீச்சிலேயே வெற்றி, 55 முதல் வீச்சிலேயே தோல்வி. மீதி 330 சுற்றுகளில் பாயின்ட் நிற்கும். அவற்றில் 134 முறை பாயின்ட் திரும்ப வரும், 196 முறை 7 முந்திக்கொள்ளும். மொத்தம் 244 வெற்றி, 251 தோல்வி. வித்தியாசம் வெறும் ஏழு. 100 ரூபாய் வீதம் 495 முறை கட்டினால், 49,500 ரூபாய்ப் பந்தயத்தில் 700 ரூபாய் விடுதிக்குப் போகும் என்பது சராசரிக் கணக்கு. அதாவது 1.41 விழுக்காடு. இதைத்தான் விடுதியின் பங்கு என்கிறார்கள். கேசினோ ஆட்டங்களில் இது குறைவான பங்குதான். அமெரிக்க ரூலட் சக்கரத்தில் 5.26 விழுக்காடு, ஒற்றைச் சுழி கொண்ட ஐரோப்பியச் சக்கரத்தில் 2.70.

அந்த 495-ஐ இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். முதல் வீச்சில் ஆட்டக்காரரின் கை ஓங்கியிருக்கிறது. இரண்டுக்கு ஒன்று என்ற அளவில். பாயின்ட் நின்ற பிறகு விடுதியின் கை ஓங்குகிறது. அதனால்தான் பாயின்ட் நின்றபின் பாஸ் லைன் பணத்தை எடுக்க விடமாட்டார்கள். நல்ல பகுதியை மட்டும் ஆடிவிட்டுக் கெட்ட பகுதி வரும்போது விலக வழி இருந்தால் விடுதி நட்டப்பட்டுவிடும். மேசையில் விதியாக எழுதியிருக்கும் ஒவ்வொரு தடைக்கும் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. பாயின்ட் எது என்பதும் முக்கியம். 6 அல்லது 8 என்றால் அது வர ஐந்து வழிகள், ஏழுக்கு ஆறு வழிகள், ஏறக்குறையச் சரிசமம். 5 அல்லது 9 என்றால் நான்குக்கு ஆறு. 4 அல்லது 10 என்றால் மூன்றுக்கு ஆறு. மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான்.

பாஸ் லைனுக்கு நேர் எதிரானது டோன்ட் பாஸ். முதல் வீச்சில் 7, 11 வந்தால் தோல்வி; 2, 3 வந்தால் வெற்றி; பாயின்ட் நின்றபின் 7 முதலில் வந்தால் வெற்றி, பாயின்ட் வந்தால் தோல்வி. ஒரே ஒரு எண்ணில்தான் முழுத் தலைகீழ் இல்லை. முதல் வீச்சில் 12 வந்தால் பாஸ் லைன்காரர் தோற்பார், ஆனால் டோன்ட் பாஸ்காரருக்கு வெற்றி கிடையாது. அவர் பணம் அப்படியே நிற்கும். சில விடுதிகள் 12-க்குப் பதில் 2-ஐ இப்படி ஒதுக்கும். அந்த ஒரு எண்ணை ஒதுக்காவிட்டால் ஆட்டக்காரருக்கு 1.41 விழுக்காடு சாதகம் கிடைத்துவிடும். ஒதுக்கியதால் விடுதியின் பங்கு 1.36 விழுக்காடாக நிற்கிறது. பாஸ் லைனைவிட ஒரு துளி குறைவு. இருந்தாலும் பெரும்பாலானோர் இதில் கட்டுவதில்லை. மேசையில் நிற்கும் மற்றவர்கள் தோற்கும்போது தான் ஜெயிப்பது பலருக்கு ஒவ்வாது. கணக்கில் அதற்குக் காரணம் ஏதும் இல்லை. கூட்டத்தோடு சேர்ந்து கத்தும் சந்தோஷம்தான் காரணம்.

மேசையில் கம், டோன்ட் கம் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. இவை புதிய பந்தயங்கள் அல்ல. பாயின்ட் நின்றபின் நடுவில் வந்து சேர்பவர் பாஸ் லைன், டோன்ட் பாஸ் ஆகியவற்றைத் தன் கணக்கில் புதிதாகத் தொடங்க உதவுபவை. கம் கட்டத்தில் வைத்த பிறகு வரும் முதல் வீச்சே அவருக்குக் கம்-அவுட். அந்த வீச்சில் 6 வந்தால் அவர் சில்லை ஊழியர் 6 என்ற கட்டத்துக்கு நகர்த்துவார். அதன்பின் ஏழுக்கு முன் 6 வர வேண்டும். விடுதியின் பங்கும் அதே 1.41, 1.36. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கம் பந்தயங்களை அடுக்கிக்கொண்டே போனால், ஒரே ஏழில் எண்கள் மேல் நிற்கும் அத்தனை சில்லும் சேர்ந்து போகும்.

இந்த ஆட்டத்தில் மற்ற ஆட்டங்களில் எளிதில் காணக் கிடைக்காத ஒரு பந்தயம் இருக்கிறது. அதற்கு ஆட்ஸ் என்று பெயர். துணியில் அதற்குத் தனிக் கட்டமே கிடையாது. பாஸ் லைனில் பணம் வைத்து, பாயின்ட் நின்றபின், அந்தச் சில்லுக்குப் பின்னால் கூடுதலாக ஒரு தொகை வைக்கலாம். பாயின்ட் வந்தால் அந்தக் கூடுதல் தொகைக்கு வாய்ப்புக்கு ஏற்ற முழு விலை கிடைக்கும். 4, 10 என்றால் ஒன்றுக்கு இரண்டு. 5, 9 என்றால் இரண்டுக்கு மூன்று. 6, 8 என்றால் ஐந்துக்கு ஆறு. விடுதியின் பங்கு இதில் சுத்தமாகப் பூஜ்யம். 100 ரூபாய் பாஸ் லைனில் இருக்க, பாயின்ட் 4 நின்று, பின்னால் 200 ரூபாய் வைத்திருந்தால், 4 வரும்போது பாஸ் லைனுக்கு 100-ம் ஆட்ஸுக்கு 400-ம் கிடைக்கும்.

எவ்வளவு வைக்கலாம் என்பதை விடுதி நிர்ணயிக்கும். பரவலாக இருக்கும் முறை 3-4-5. பாயின்ட் 4, 10 என்றால் பாஸ் லைன் தொகையைப் போல மூன்று மடங்கு, 5, 9 என்றால் நான்கு மடங்கு, 6, 8 என்றால் ஐந்து மடங்கு. இந்த எண்கள் தற்செயலாக வந்தவை அல்ல. முழு ஆட்ஸ் வைத்தவருக்கு எந்தப் பாயின்ட் வந்தாலும் அந்த ஆட்ஸுக்குப் பாஸ் லைன் தொகையைப் போல ஆறு மடங்கு கொடுத்தால் போதும். ஊழியருக்குக் கணக்கு சுலபம். பாஸ் லைனையும் முழு ஆட்ஸையும் சேர்த்துப் பார்த்தால் விடுதியின் பங்கு 0.37 விழுக்காடு என்று வரும். இந்த எண்ணைக் காட்டித்தான் ஆட்ஸைப் பலர் வானளாவப் புகழ்கிறார்கள். அந்தப் புகழில் ஒரு மறைப்பு இருக்கிறது. விழுக்காடு குறைவதற்குக் காரணம் கட்டும் மொத்தத் தொகை கூடுவது மட்டுமே. சராசரியாக விடுதிக்குப் போகும் ரூபாயில் ஒரு பைசா குறைவதில்லை. பாஸ் லைன் 100 ரூபாய்க்குப் போகும் 1 ரூபாய் 41 காசு போய்க்கொண்டேதான் இருக்கும். மேலே வைத்த தொகை லாபத்தையும் நட்டத்தையும் பெரிதாக்கும். கட்ட நினைத்த மொத்தப் பணத்தைப் பாஸ் லைனில் குறைத்து, ஆட்ஸில் கூட்டிப் பிரிப்பவருக்கு மட்டுமே அதனால் உண்மையான மிச்சம்.

அடுத்தது பிளேஸ் பந்தயம். பாயின்டுக்காகக் காத்திருக்காமல் ஆட்டக்காரரே ஓர் எண்ணைத் தேர்ந்து, ஏழுக்கு முன் அது வரும் என்று கட்டுவது. 6, 8 என்றால் ஆறு ரூபாய்க்கு ஏழு ரூபாய் தருவார்கள். 600 ரூபாய் கட்டினால், 11 முடிவுகளில் ஐந்து முறை 700 வரும், ஆறு முறை 600 போகும்; 3,500 வரவு, 3,600 செலவு. விடுதியின் பங்கு 1.52 விழுக்காடு. 5, 9 என்றால் ஐந்துக்கு ஏழு. பங்கு 4 விழுக்காடு. 4, 10 என்றால் ஐந்துக்கு ஒன்பது, 6.67 விழுக்காடு. ஆகவே பிளேஸ் பந்தயத்தில் 6-ம் 8-ம் மட்டும் தாங்கக்கூடியவை. பாஸ் லைன் போலன்றி இதை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கம்-அவுட் வீச்சில் வழக்கமாக இது செயல்படாமல் நிற்கும்.

சில மேசைகளின் மூலையில் பெரிய எழுத்தில் 6, 8 என்று அச்சிட்ட இரண்டு கட்டங்கள் தெரியும். பிக் சிக்ஸ், பிக் எய்ட் என்பார்கள். பிளேஸ் பந்தயத்தில் 600-க்கு 700 கிடைக்கும் அதே நிகழ்வுக்கு இங்கே 600-க்கு 600 மட்டுமே கிடைக்கும். விடுதியின் பங்கு 9.09 விழுக்காடு. ஒரே மேசையில், ஒரே பகடையில், ஒரே எண்ணுக்கு இரண்டு விலை. அதில் மோசமான விலைக்கு அதிகப் பெரிய எழுத்து. விவரம் தெரியாமல் வருபவரின் கையருகே இதை வைப்பதில் எந்த நியாயமும் இல்லை.

ஃபீல்டு என்ற அகலமான கட்டம் ஒரே வீச்சில் முடிகிற பந்தயம். 2, 3, 4, 9, 10, 11, 12 என்று ஏழு எண்களில் எது வந்தாலும் வெற்றி. 5, 6, 7, 8 என்று நான்கு எண்களுக்குத் தோல்வி. ஏழுக்கு நான்கு என்று பார்த்து மயங்குபவர்கள் நிறையப் பேர். வழிகளை எண்ணினால் கதை வேறு: அந்த ஏழு எண்களுக்கு 16 வழிகள், இந்த நான்கு எண்களுக்கு 20 வழிகள். 2-க்கும் 12-க்கும் இரட்டிப்பாகத் தந்தும் விடுதியின் பங்கு 5.56 விழுக்காடு. அவ்விரண்டில் ஒன்றுக்கு மும்மடங்கு தரும் மேசையில் 2.78.

மேசையின் நடுவில், நீளக் கோலோடு நிற்கும் ஊழியரின் பொறுப்பில் இருக்கும் கட்டங்களை விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அவற்றில் கட்ட நல்ல காரணம் ஒன்றும் இல்லை. அடுத்த வீச்சில் 7 என்று கட்டினால் ஒன்றுக்கு நான்கு. விடுதியின் பங்கு 16.67 விழுக்காடு. 11 என்று கட்டினால் ஒன்றுக்கு 15, பங்கு 11.11. 2 என்றோ 12 என்றோ கட்டினால் ஒன்றுக்கு 30, பங்கு 13.89. ஹார்டுவே என்பது இரண்டு பகடையிலும் ஒரே எண் விழுந்து 4, 6, 8, 10 வருவது. ஹார்டு 6, ஹார்டு 8 ஆகியவற்றுக்கு ஒன்றுக்கு ஒன்பது, பங்கு 9.09, ஹார்டு 4, ஹார்டு 10 ஆகியவற்றுக்கு ஒன்றுக்கு ஏழு, பங்கு 11.11. சில துணிகளில் கட்டிய பணத்தையும் சேர்த்தே பெருக்கம் அச்சிடப்பட்டிருக்கும். அங்கே ஒன்றுக்கு 30 என்பதன் உண்மையான லாபம் 29 மட்டுமே.

விழுக்காட்டை மட்டும் பார்த்தாலும் போதாது. பந்தயம் எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்பதும் சேர வேண்டும். மணிக்கு 100 வீச்சுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாஸ் லைன் பந்தயம் முடிய சராசரியாக மூன்றுக்கும் சற்று அதிகமான வீச்சுகள் ஆகும்; ஆக மணிக்குச் சுமார் 30 பந்தயங்கள். ஒவ்வொன்றிலும் 1,000 ரூபாய் கட்டுபவருக்குச் சராசரி நட்டம் மணிக்குச் சுமார் 425 ரூபாய். பக்கத்தில் நிற்பவர் சின்னத் தொகைதானே என்று ஒவ்வொரு வீச்சிலும் ஏழின் மீது 100 ரூபாய் மட்டும் கட்டுகிறார். அவருக்கு மணிக்குச் சராசரி நட்டம் 1,667 ரூபாய். பத்தில் ஒரு பங்கு தொகை கட்டி, ஏறக்குறைய நான்கு மடங்கு இழக்கிறார்.

பகடையை வீசும் கைக்கு வித்தை உண்டா என்ற கேள்வி மகாபாரத காலத்துக் கேள்வி. புதுச்சேரியில் அதற்குத் தனி நெருக்கமும் உண்டு. சூதில் நாட்டையும் தம்பியரையும் தன்னையும் மனைவியையும் பணயம் வைத்த தருமனின் கதையை பாரதியார் ‘பாஞ்சாலி சபத’மாக எழுதியது அந்த ஊரில் வாழ்ந்த ஆண்டுகளில், முதல் பாகம் 1912-ல் வெளிவந்தது. அவர் குடியிருந்து இன்று நினைவில்லமாக இருக்கும் வீடு ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் இருக்கிறது. சகுனியின் பகடை அவன் சொன்னபடி விழுந்தது. கேசினோ பகடை அப்படி விழாதிருக்க எல்லா ஏற்பாடும் செய்யப்படுகிறது. உள்ளே ஈயம் வைத்தால் தெரியும்படி கண்ணாடிபோலத் தெளிந்த பொருளில், கூரிய விளிம்புகளோடு செய்வார்கள். வீசும் பகடை எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்ப வேண்டும். அந்தச் சுவரில் கூம்புக் கூம்பாக ரப்பர் பதித்திருக்கும். பகடையை ஒரு விதமாகப் பிடித்து வீசினால் ஏழைத் தவிர்க்கலாம் என்று பயிற்சி விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சுவரைத் தாண்டியும் கட்டுப்பாடு நிற்கும் என்பதற்கு நம்பத்தக்க நிரூபணம் இல்லை.

நீண்ட அதிர்ஷ்டம் வருவதுண்டு. 2009 மே மாதம் அட்லாண்டிக் சிட்டியின் போர்காட்டா விடுதியில் பட்ரீசியா டெமாரோ என்ற பெண் 154 வீச்சுகள் வரை பகடையைக் கையில் வைத்திருந்தார். நான்கு மணி நேரத்துக்கும் மேல். கோடிக்கணக்கான சுற்றுகள் ஆடப்படும் உலகத்தில் எங்கோ ஒரு முறை இப்படி நடக்கத்தான் செய்யும். 153 வீச்சுகள் தாண்டிய பிறகும் அடுத்த வீச்சில் ஏழு வரும் வாய்ப்பு ஆறில் ஒன்றாகவே இருந்தது. முன்பு என்ன விழுந்தது என்பது பகடைக்குத் தெரியாது.

தருமன் செய்த இன்னொரு காரியம் இன்றைய மேசைகளில் ஒரு முறையாகவே பேசப்படுகிறது: இழந்ததை மீட்கப் பணயத்தைப் பெருக்கிக்கொண்டே போவது. 100 ரூபாய் தோற்றால் 200, அதுவும் போனால் 400 என்று இரட்டித்தால் ஒரு வெற்றியில் எல்லாம் திரும்பிவிடும் என்பது வாதம். பாஸ் லைனில் தொடர்ந்து ஏழு முறை தோற்க 116-ல் ஒரு வாய்ப்பு. அப்போது போனது 12,700 ரூபாய். அடுத்துக் கட்ட வேண்டியது 12,800. அது ஜெயித்தாலும் கையில் நிற்கும் லாபம் 100. அதற்குள் மேசையின் உச்சவரம்பு குறுக்கே வந்துவிடக்கூடும். நட்டப் பந்தயங்களை எந்த வரிசையில் அடுக்கினாலும் கூட்டுத்தொகை நட்டமே.

இந்தியாவில் சட்டப்படியான கேசினோ என்றால் முதலில் கோவா. 1976-ம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி, நட்சத்திர விடுதிகளில் மின்னணு ஆட்டங்களையும், நீரில் நிற்கும் கலங்களில் மேசை ஆட்டங்களையும் அங்கே அனுமதித்தார்கள். பனாஜியில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கலங்கள் அப்படி வந்தவை. சிக்கிமில் தனிச் சட்டம் உண்டு. சிங்கப்பூரில் 2010 முதல் இரண்டு கேசினோக்கள் நடக்கின்றன. அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே நுழைய 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும், வெளிநாட்டவருக்கு அந்தக் கட்டணம் இல்லை. செல்பேசியில் பணம் கட்டி ஆடும் வழியை 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்திய அரசின் இணைய விளையாட்டுச் சட்டம் மூடிவிட்டது. திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற வேறுபாடு அதில் இல்லை.

இந்தியக் கேசினோவில் ஆடுபவருக்கு மேசையின் 1.41 விழுக்காடு கடைசிக் கணக்கு அல்ல. 2023 அக்டோபரிலிருந்து சில்லு வாங்கக் கொடுக்கும் முழுத் தொகை மீதும் 28 விழுக்காடு ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 விழுக்காடு. வென்ற சில்லை மறுபடி கட்டினால் அதற்கு மீண்டும் வரி இல்லை என்பது மட்டுமே ஆறுதல். டோன்ட் பாஸுக்கும் பாஸ் லைனுக்கும் இடையே உள்ள 0.05 விழுக்காட்டைப் பற்றி விவாதிப்பது இந்த 40-க்கு முன்னால் பொருளற்றுப் போகிறது. அதற்கு மேல், சூதாட்டத்தில் வென்ற பணத்துக்கு 30 விழுக்காடு வருமான வரியும் தீர்வையும் உண்டு. தோற்ற பணத்தை அதில் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை. திங்களன்று 50,000 ரூபாய் வென்று, செவ்வாயன்று அதே 50,000-ஐத் தோற்றவர் கையில் லாபம் எதுவும் இருக்காது. சட்டப்படி அவர் கட்ட வேண்டிய வரி 15,000 ரூபாயும் அதன் மேல் தீர்வையும்.